ஸ்டியரிங் ஏன் உதறுகிறது? – ஒரு பழைய அம்பாசிடரை முன்வைத்து

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



"வண்டி எழுபதைத் தாண்டுனா ஸ்டியரிங் உதறுது" என்பது, பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கியதும் சொல்லும் முதல் வார்த்தை. அதற்கு நம் பக்கத்தில் கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒன்றுதான். "அலைன்மெண்ட் போயிருக்கும், பாத்துக்கலாம்." அதில் நிற்காவிட்டால் டை ராட் எண்ட். அதிலும் நிற்காவிட்டால் ரேக். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, காசும் தீர்ந்து, கடைசியில் "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே குற்றவாளி யார் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதற்கு நம் முதலாண்டு பிசிக்ஸும், மெஷின் தியரியில் வரும் பேலன்சிங் பாடமும் போதும். பரீட்சைக்காக உருப்போட்ட அந்தப் பாடம் ரோட்டில் இப்படி வேலை செய்கிறது என்பது எனக்கே சென்ற கோடை விடுமுறைப் பயிற்சியில்தான் தெரிந்தது.

எடுத்துக்கொண்ட வண்டி அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி செய்தது. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கங்களில் கல்யாண வாடகைக்கும், டாக்டர் வீட்டு ஷெட்டிலும், பழைய மிராசு வீடுகளிலும் இன்னும் சில ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்புறம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், பின்புறம் பட்டை ஸ்பிரிங், ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன். முன் சக்கரங்கள் சும்மா உருள்பவை. இழுப்பது பின் சக்கரம். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்கும் வேலையை இது பாதி சுலபமாக்கிவிடுகிறது.

முதலில் ஒரு அடிப்படை. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது என்றால் பாடுகிறவர் ஒருவர், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிபயர் இன்னொன்று. ஆம்ப்ளிபயரை மாற்றினால் சத்தம் கூடலாம், குறையலாம், பாட்டு நிற்காது. ஸ்டியரிங் உதறலும் அப்படியே. உதறலை உண்டாக்குவது சுற்றுகிற பொருள் ஏதாவது ஒன்றுதான்: டயர், ரிம், ட்ரம், டிஸ்க், ஷாஃப்ட். லூஸான டை ராட் எண்ட், தேய்ந்த புஷ், தளர்ந்த ரேக் எல்லாம் அதைப் பெருக்கி நம் கைக்குக் கொண்டுவருபவை. சுற்றாத சாமான் தானாக வினாடிக்குப் பத்து முறை ஆடாது. நம் ஊரில் பெரும்பாலும் ஆம்ப்ளிபயரைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம். அலைன்மெண்டும் அப்படித்தான். அது தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். உதறலை அது நேரடியாக உண்டாக்குவதில்லை. தாறுமாறாகத் தேய்ந்த டயர்தான் பிறகு உதறும்.

இனி கனம் ஒரு பக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நம் ஊர் தஞ்சாவூர் பொம்மையை எல்லோரும் தட்டிப் பார்த்திருப்போம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். அடியில் களிமண் கனம் இருக்கிறது. அந்தக் கனம் எப்போதும் கீழே போய்த்தான் நிற்கும். சக்கரமும் அதே ஜாதிதான். அம்பாசிடரின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, லேசாகச் சுற்றிவிட்டு, நின்ற பிறகு அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மறுபடி சுற்றுங்கள். நாலைந்து தடவையும் அதே கோடு அடியில் வந்து நின்றால் அந்த இடம் கனம். இதற்குத்தான் ஸ்டாட்டிக் பேலன்ஸ் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். (பேரிங் இறுக்கமாக இருந்தாலோ, பிரேக் ஷூ உரசினாலோ இந்தச் சோதனை பொய் சொல்லும். மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்ஸிலும் கூடச் சுற்றுவதால் இது அவ்வளவு சரியாக வராது.)

கனம் எவ்வளவு இருந்தால் உதறும்? ஒரு கணக்குப் போடுவோம். சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்தோம், ஏறத்தாழ 2.1 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22.2 மீட்டர். வகுத்தால் சக்கரம் வினாடிக்கு 10.6 சுற்று. 15 அங்குல ரிம்மின் ஓரம் மையத்திலிருந்து 19 சென்டிமீட்டர். அந்த ஓரத்தில் 50 கிராம் அதிகக் கனம் இருந்தால், 80 வேகத்தில் அது சுமார் 4.3 கிலோ பாரம் இழுப்பதற்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். இழுக்கும் திசையும் நிலையாக இராது. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று வினாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட முறை சுற்றும். அதே 50 கிராம் 40 வேகத்தில் 1 கிலோவுக்குச் சற்று மேல்தான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அந்த வேகத்தில் தெரியாதுதான்.

அப்படியானால் 100-இல் இன்னும் மோசமாக உதற வேண்டும் அல்லவா? ஆனால் பல வண்டிகளில் 70-க்கும் 90-க்கும் இடையில் உதறி, அதற்கு மேல் போனால் அடங்கிவிடுகிறது. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். ஊஞ்சலைக் கண்டபடி தள்ளினால் அது எழும்பாது. அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலே உயரப் போகும். சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த கனம் டயரின் காற்றுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று ஓர் இயற்கையான தாளம் உண்டு. கார்களில் பொதுவாக வினாடிக்கு 10 முதல் 15 முறை. மேலே போட்ட கணக்கில் 80 வேகத்துக்கு என்ன வந்தது? 10.6. இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. ரெசனன்ஸ்! லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் கட்டிய மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டது, நடப்பவர்களின் காலடித் தாளமும் பாலத்தின் பக்கவாட்டுத் தாளமும் ஒன்று சேர்ந்து ஆடியதால்தான். ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் இந்த ஆட்டத்தை அடக்க ஆளே இல்லை.

இனி அந்த அம்பாசிடருக்கு வருவோம். பயிற்சிக்குப் போன ஒர்க்‌ஷாப்பில் மே மாதம் ஒரு வண்டி வந்தது. திருவையாறு பக்கத்துக் கிராமம். வண்டிக்காரர் அதையே நம்பிக் கல்யாண வாடகைக்கு ஓட்டுபவர். மாசி மாதத்திலிருந்து உதறல். வேறு வேறு இடங்களில் இரண்டு தடவை வீல் பேலன்சிங் செய்தாயிற்று, இரண்டு பக்கமும் டை ராட் எண்ட் மாற்றியாயிற்று. பேலன்சிங் செய்தால் நாலு நாள் நன்றாக இருக்கிறது, மறுபடி வந்துவிடுகிறது. அடுத்து ரேக் அசெம்பிளியையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "வைகாசி முகூர்த்தத்துக்கு மூணு சவாரி ஒத்துக்கிட்டிருக்கேன் மேஸ்திரி. ரேக்கு போடணும்னா வட்டிக்குத்தான் வாங்கணும். அதப் போட்டா நின்னுடுமா, அத மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது? கிளம்பியதும் உதறி, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் குறைகிறதா? (குறைந்தால், வாரக்கணக்கில் ஷெட்டில் நின்று டயர் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது என்று பொருள். மார்கழியும் ஆடியும் முகூர்த்தமில்லாமல் நிற்கும் வண்டிகளில் இது உண்டு.) பிரேக் மிதித்தால் கூடுகிறதா? கையில் ஆடுகிறதா, சீட்டில் ஆடுகிறதா? நின்றபடி இன்ஜினை ரேஸ் பண்ணினால் ஆடுகிறதா? எங்களிடம், "தம்பிகளா, நாடி பாக்காம மருந்து குடுக்கக்கூடாதுடா" என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஆடினால் சக்கரத்துக்குச் சம்பந்தமில்லை; இன்ஜின், அதன் மவுண்டிங். பிரேக்கில் மட்டும் உதறினால் ட்ரம் கோணியிருக்கும், அல்லது டிஸ்க் ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிவு. டிஸ்க்கில் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரண்டு பங்கு வித்தியாசமே காலில் தெரிந்துவிடும். வீல் நட்டுகளை எதிரெதிராக முடுக்காமல் வரிசையாக ஒரே மூச்சில் முடுக்குவதும் இதற்கு ஒரு காரணம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் என்றால், அம்பாசிடரில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட், மாருதி 800-இல் ஆக்ஸில் ஜாயிண்ட். பழைய மகேந்திரா ஜீப்பில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல் ஆடி, வண்டியை மெதுவாக்கினால்தான் நிற்கும். அது கிங்பின்னும் லிங்கேஜும் லூஸான கதை. அங்கே ஆம்ப்ளிபயருக்கே பைத்தியம் பிடித்துவிடுகிறது என்று சொல்லலாம். அதை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். திருவையாறு ரோடு இதற்கு உதவாது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஆற்றுக்கு ஆறு பாலமும் வளைவும். ஆகவே திருச்சி நான்குவழிச் சாலையில் வல்லம் தாண்டி செங்கிப்பட்டி பக்கம். வண்டியின் ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஒரு தலையாட்டி பொம்மைதான். 60-க்கும் 90-க்கும் இடையில் இஷ்டம்போல் ஆடியது. அதனால் செல்போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்துக்கொண்டோம். 65-இல் ஆரம்பித்து, 75-இல் ஸ்டியரிங் நன்றாக உதறி, 90 பக்கம் அடங்கியது. 80-இல் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டார் மேஸ்திரி. இன்ஜின் சத்தம் இறங்கிவிட்டது. உதறல் அப்படியே இருந்தது. ஆகவே இன்ஜின் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக்கில் கூடவில்லை. சீட் ஆடவில்லை, கைதான் ஆடியது. ஆகவே முன் சக்கரம்.

கூட வந்த நண்பன் செல்போனில் அதிர்வை அளக்கும் ஒரு ஆப் வைத்திருந்தான். இப்போது எல்லா ஸ்மார்ட் போனிலும் அதற்கான சென்சார் இருக்கிறது. போனை டேஷ்போர்டில் அழுத்திப் பிடித்து, 75 வேகத்தில் பார்த்தபோது வினாடிக்கு 10-ஐ ஒட்டி ஒரு முனை எழும்பியது. 75-ஐ வினாடிக்கு மாற்றி 2.1-ஆல் வகுத்துப் பாருங்கள்: 9.9! சுற்றுக்கு ஒரு உதை. 20 வந்திருந்தால் சுற்றுக்கு இரண்டு உதை, அதாவது சக்கரம் நீள்வட்டம் என்று சந்தேகிக்கலாம். 40-க்கு மேல் வந்திருந்தால், சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகச் சுற்றும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். ரேக்கைத் தொடாமலே ரேக் நிரபராதி என்று இந்த ஒரு எண் சொல்லிவிட்டது. வகுத்தல் கணக்கு இவ்வளவு சந்தோஷம் தரும் என்று எனக்குத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டு வைத்தோம் (ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கையை விடாதீர்கள்). சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் லூஸ் வீல் பேரிங்கிலோ சஸ்பென்ஷனிலோ. ஒருவர் பிரேக்கை மிதிக்கும்போது அந்த லூஸ் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் சஸ்பென்ஷன். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், ரேக். புதிதாகப் போட்டது டை ராட் எண்ட், லூஸ் இல்லை. பேரிங்கும் சரி.

பிறகு சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டதும் ஒரு விஷயம் தெரிந்தது. ரிம்மின் உள்பக்கக் குழிவில், கண்ணுக்குப் படாத இடத்தில், காய்ந்து பாறையாகிப்போன களிமண். வண்டிக்காரர் வீட்டுக்குப் போகும் வழி வாய்க்கால் கரை; தை, மாசியில் சம்பா அறுவடைக்கு மெஷினும் டிராக்டரும் ஏறி இறங்கி அந்தப் பாதை சேறாகிவிடும். நம் டெல்டா வண்டலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காலில் ஒட்டினாலே செருப்பு ஒரு கிலோ கூடிவிடும். சுரண்டி, பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். வலது சக்கரத்தில் 110 கிராம், இடதில் 60. ரிம் முழுக்கச் சமமாக ஒட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. திட்டுத் திட்டாக இருந்தது. சில இடங்களில் பெயர்ந்து விழுந்த தடம்.

பேலன்சிங் ஏன் நாலு நாளில் போனது என்பது இப்போது புரிகிறதா? மண்ணோடு சேர்த்து மெஷினில் ஏற்றி, மண்ணுக்கு எதிரே ஈய வெயிட் அடித்து பேலன்ஸ் செய்திருக்கிறார்கள். மெஷின் சரியாகத்தான் சைபர் காட்டியிருக்கும். நாலு நாள் கழித்து ஒரு பாலத்து மேட்டில் மண் கட்டி பெயர்ந்து விழுகிறது. இப்போது அந்த ஈயமே குற்றவாளி! என் அப்பா டிராக்டர் டிரைவர். வயலிலிருந்து தார்ரோட்டில் ஏறும் முன் மண்வெட்டியால் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிவிட்டுத்தான் ஏறுவார். "மண்ணு ரோட்டுல விழுந்தா பின்னால பைக்குல வர்றவன் வழுக்கிடுவான்" என்பது அவர் காரணம். பேலன்சிங் அவருக்குத் தேவையில்லை, டிராக்டர் அந்த வேகம் போகாது. ஆனால் கார்க்காரர்கள் வெளிப்பக்கம் மட்டும் கழுவிவிட்டு உள்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ரிம்மும் ஹப்பும் சேரும் முகத்தில் மண்ணோ துருவோ இருந்தாலும் சக்கரம் சாய்ந்து உட்காரும். அதையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம்.

பழைய ஈயத்தை எல்லாம் பிடுங்கிவிட்டு, புதிதாக பேலன்ஸ் செய்தோம், ரிம்மின் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மேல் கீழ் துள்ளல் போகும். பக்கவாட்டு ஆட்டம் போகாது. ஸ்டியரிங்குக்கு வருவது முக்கியமாக அதுதான். மெஷின் இரண்டு பக்கமும் சைபர். மறுபடி செங்கிப்பட்டி ரோடு. உதறல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் போகவில்லை.

வண்டிக்காரர் முகம் வாடிவிட்டது. "அப்ப ரேக்குதானோ?" என்றார். மேஸ்திரி, "இருங்கண்ணே. மெஷினு சைபர் காட்டுனா கனம் சமமா இருக்குன்னுதான் அர்த்தம், சக்கரம் வட்டமா இருக்குன்னு அர்த்தமில்ல" என்றார். பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுகிறது. ரோட்டில் அதன்மேல் வண்டியின் பாரம் உட்கார்ந்திருக்கிறது. கோணல் சக்கரத்துக்கு எத்தனை ஈயம் அடித்தாலும், மேடான இடம் ரோட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஹப்பைத் தூக்கித்தான் போடும்.

இதை அளக்க டயல் கேஜ் வேண்டும். அது அந்த ஒர்க்‌ஷாப்பில் இல்லை. (நம் லேபில் இருக்கிறது, கண்ணாடி அலமாரியில், பத்திரமாக.) சக்கரத்தைத் தூக்கி, ஒரு செங்கல்மேல் ஸ்குரூ டிரைவரை வைத்து, அதன் முனை டயர் பட்டனை ஒட்டினாற்போல் நிறுத்தி, மெதுவாகச் சுற்றினோம். வலது சக்கரம் ஓரிடத்தில் முனையில் உரசியது. எதிர்ப்புறம் வந்தபோது இடைவெளி. அந்த இடைவெளியில் ஹாக்ஸா பிளேடுகளை அடுக்கிச் செருகினோம். ஒரு பிளேடு 0.63 மில்லிமீட்டர் தடிமன். ஆறு பிளேடு நுழைந்தது. அதாவது 3.8 மில்லிமீட்டர் கோணல்! ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ரிம்மின் ஓரத்தில் தனியாகப் பார்த்தபோது ஒரு பிளேடுக்கு மேல் நுழையவில்லை. ஆகவே ரிம் நேர், டயர்தான்.

"பட்டன் பாதிக்கு மேல இருக்கே தம்பி, நல்ல டயராச்சே" என்றார் வண்டிக்காரர். பட்டன் இருந்தது உண்மை. வருடத்தில் பாதி நாள் நிற்கும் வண்டியில் பட்டன் எப்படித் தேயும்? டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் எண்களில் கடைசி நான்கைப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. 1115 என்று இருந்தது. 2015-ஆம் ஆண்டின் 11-ஆம் வாரம் செய்த டயர். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். உங்கள் வீட்டு வண்டியில் இன்றே பாருங்கள். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று பல டயர் கம்பெனிகள் சொல்கின்றன. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் தானாகவே கெட்டியாகி வெடிப்பு விடும். ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. ரப்பர் பிடிப்பு விட்டால் பட்டை உள்ளுக்குள் பிரிந்து, அந்த இடம் வீங்கும். வீக்கம்தான் அந்த 3.8 மில்லிமீட்டர். இது உதறலோடு நிற்கும் விஷயமில்லை. பிரிந்த இடம் ஓட ஓடச் சூடேறிக்கொண்டே போகும். ஒருநாள் பட்டன் தோலோடு உரிந்து வந்துவிடும். பெண்ணழைப்புக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு 80-இல் போகும்போது, அதுவும் முன் சக்கரத்தில்!

ஸ்டெப்னியை வலது பக்கம் மாட்டி மூன்றாம் தடவை செங்கிப்பட்டி போனோம். 65, 75, 80, 90. வண்டிக்காரரையே ஓட்டச் சொன்னார் மேஸ்திரி. அவர் ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் ஓட்டினார். திரும்பி வந்து, முன்னால் இரண்டுக்கும் புது டயர் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். இடது டயரும் அதே வாரத்தில் பிறந்ததுதான். ரேக் வாங்கியிருந்தால் காசும் போய், அந்த டயரும் வண்டியிலேயே இருந்திருக்கும்.

கழற்றிய வலது டயரை மேஸ்திரி எங்களுக்காக அறுத்துக் காட்டினார். சாக்பீஸ் குறி போட்ட இடத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் கம்பியை விட்டுத் தனியாக எழும்பியிருந்தது. கம்பிகள் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தன. விரலால் தேய்த்ததும் பொடியாகக் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டோம். என் துண்டு ஹாஸ்டலில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.